பாராட்டு குவிகிறது, ஆர்டர் மட்டும் வருவதில்லை

கேள்வி: ஆர்கானிக் பருத்தித் துணியில் இயற்கைச் சாயம் தோய்த்து, சிறிய அளவில் உடைகள் தயாரித்து இணையம் வழியாக விற்கிறேன். தொடங்கும் முன்பு தெரிந்தவர்களிடமும் சமூக ஊடகத்தில் என்னைப் பின்தொடர்பவர்களிடமும் கருத்துக் கேட்டேன். ஏறக்குறைய எல்லோருமே “இப்படி ஒன்று வந்தால் கட்டாயம் வாங்குவோம்” என்றார்கள். இன்றும் ஒவ்வொரு பதிவுக்கும் பாராட்டு குவிகிறது, ஆர்டர் மட்டும் வருவதில்லை. மக்கள் பொய் சொல்கிறார்களா? விலைதான் தடையா? சாயக்கழிவில் பாழான ஆறுகளின் படங்களைப் போட்டு இன்னும் அழுத்தமாகப் பேச வேண்டுமா? சாதாரண பாலியெஸ்டர் சட்டைக்குப் பச்சை இலை படம் ஒட்டி விற்பவர்களுக்கு வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. அதைப் பார்க்கையில் மனம் சோர்ந்துபோகிறது. சூழலுக்கு உகந்த உடையை ஒருவர் வாங்குவதற்கு உண்மையில் எதுதான் காரணமாக இருக்கிறது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியில் விலை இல்லை, அளவு இல்லை, நிறம் இல்லை, அந்த மாதம் வீட்டில் வேறு என்னென்ன செலவு என்பதும் இல்லை. ஒரு நல்ல எண்ணம் மட்டுமே இருந்தது. அதற்கு மனதார ஆமாம் சொன்னார்கள். வாங்கும் நேரத்தில் மற்றவையெல்லாம் வந்து வரிசையில் நின்றுகொள்கின்றன.

நுகர்வோர் ஆய்வில் நெடுங்காலமாகப் பேசப்படும் சிக்கல் இது. 2019-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் கேத்ரின் வைட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை ஒரு கருத்துக்கணிப்பை எடுத்துக்காட்டுகிறது. சமூக அக்கறையும் சூழல் அக்கறையும் உள்ள நிறுவனங்களிடம் வாங்க விரும்புவதாக 65 சதவீதம் பேர் சொன்னார்கள். அப்படியே வாங்கியவர்கள் சுமார் 26 சதவீதம். உங்கள் அனுபவம் இந்த இடைவெளிக்குள்தான் வருகிறது. உங்கள் உடைகளில் ஏதோ கோளாறு என்பதற்கு இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே இனி யாரிடமும் “வாங்குவீர்களா?” என்று கேட்காதீர்கள். “கடைசியாக வாங்கிய உடை எது? எதற்காக வாங்கினீர்கள்? வேறு எதையாவது எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டீர்களா? ஏன்?” என்று கேளுங்கள். நடந்து முடிந்ததைப் பற்றிய கேள்விக்கு வரும் பதிலில் நல்லெண்ணம் கலக்க இடம் குறைவு. இன்னொரு வழியும் உண்டு: “உங்களைப் போன்றவர்கள் இதை வாங்கத் தயங்கினால் எதனால் இருக்கும்?” என்று கேட்பது. தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படும் காரணத்தைப் பிறர் மேல் வைத்துத் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

என் தொழிலில், துணிக்கடைகளில் ஓரமாக நின்று மக்கள் வாங்குவதைக் கவனிப்பதும் ஒரு வேலை. அதில் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு வரிசை உண்டு. முதலில் கண் நிறத்தில் நிற்கும். அடுத்து கை போகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். பிறகு ஹேங்கரோடு எடுத்து மார்பின் மேல் வைத்துக் கண்ணாடியைத் தேடுவார்கள். கழுத்துப் பட்டியைத் திருப்பி அளவு பார்ப்பார்கள், அதோடு விலைச் சீட்டையும். ஆர்கானிக் என்றும் மறுசுழற்சி என்றும் எழுதித் தொங்கும் அட்டைக்குக் கண் போவது பெரும்பாலும் இதெல்லாம் முடிந்த பிறகு, பில் போட வரிசையில் நிற்கும்போது. அப்போது அதைப் படிப்பவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். “நல்லதாகத்தான் எடுத்திருக்கிறோம்” என்ற நிறைவு.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். உடையை மக்கள் உடையாகத்தான் வாங்குகிறார்கள். சூழல் அக்கறை பலருக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது தனியாக நின்று பணப்பையைத் திறப்பதில்லை. ஏற்கனவே பிடித்துப்போன உடையின் பக்கம் மனதைச் சாய்க்கிறது, வாங்கிய பிறகு திருப்தி தருகிறது, மறுபடி உங்களிடமே வரவைக்கிறது. இந்த மூன்று வேலைகளும் பெரியவை. நீங்களோ நான்காவதாக ஒரு வேலையை அதன் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள்: பிடிக்காத உடையை, அல்லது பிடிக்குமா என்று தெரியாத உடையை வாங்கவைப்பது. அதை அதனால் செய்ய முடியாது.

மின்சாரம் மிச்சப்படுத்தும் விளக்கை வாங்குபவருக்கு வெளிச்சம் வந்தால் போதும், அது மாடத்தில் எங்கோ எரியும். உடை அப்படியில்லை. நாள் முழுக்க உடம்பில் ஒட்டியிருக்கிறது, நான்கு பேர் கண்ணில் படுகிறது, அணிபவர் யார் என்று பேசாமலே சொல்கிறது. அதனால்தான் வீட்டில் குப்பையைப் பிரித்துப் போடுவதில் கறாராக இருப்பவர்கூட, தோள் பொருந்தாத ஆர்கானிக் சட்டையைத் தொடமாட்டார். அவரிடம் கொள்கை இல்லை என்று முடிவு கட்டுவது அநியாயம்.

சரி, மனதைச் சாய்க்கும் காரணங்கள் எவை? இவை ஆளுக்கு ஆள் மாறும், உடைக்கு உடையும் மாறும்.

எல்லாவற்றிலும் வலுவானது தன் உடம்பைப் பற்றிய அக்கறை, அதைவிட வலுவானது பிள்ளையின் உடம்பைப் பற்றிய அக்கறை. தனக்கு எது கிடைத்தாலும் போட்டுக்கொள்ளும் தாய், பிறந்த குழந்தைக்கு வாங்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் படிப்பார். 2010-ல் மைக்கேல் லக்ஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனைகள் இதை அழகாகக் காட்டின. சூழலுக்கு உகந்த பொருள் என்றதும் மக்கள் மனதில் ‘மென்மையானது’ என்ற எண்ணம் வருகிறது. அதனால் குழந்தைக்கான ஷாம்பூவில் அதை விரும்புகிறார்கள். கார் கழுவும் ஷாம்பூவில் அதே குணத்தைக் கண்டு தயங்குகிறார்கள், அங்கே அவர்களுக்கு வேண்டியது பலம். இதை உங்கள் பொருட்களுக்குப் பொருத்திப் பாருங்கள். குழந்தை உடை, உள்ளாடை, இரவு உடை, போர்வை ஆகியவற்றில் ‘மென்மை’ உங்களுக்குக் கைகொடுக்கும். தினமும் அலுவலகத்துக்கோ களப்பணிக்கோ போட்டு அடித்துத் துவைக்கும் உடையில் அதே எண்ணம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். “இது தாங்குமா?” என்ற கேள்வி அவர்கள் மனதில் இருக்கும், வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். நீங்களாகவே முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் நேர்மையும் மிக அவசியம். ஆர்கானிக் சான்று என்பது முதன்மையாகப் பருத்தி எப்படி விளைந்தது, துணி எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதைப் பற்றியது. தோல் நோய் வராது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. முடிந்த துணியில் தீங்கான ரசாயனங்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று சோதித்துத் தருவது ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்ற முத்திரை. 1992 முதல் இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் துணிக்கு அதில் எல்லாவற்றையும்விடக் கடுமையான தனி வகுப்பு உண்டு. ஆனால் அந்தப் பருத்தி எந்த முறையில் விளைந்தது என்று அது சொல்லாது. ஆர்கானிக் துணிக்கான உலகளாவிய சான்றான ஜி.ஓ.டி.எஸ். (GOTS) முத்திரைக்குக் குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் இழை வேண்டும், ‘ஆர்கானிக்’ என்ற தகுதியோடு போட 95 சதவீதம் வேண்டும். அதுவும் நூல் முதல் தையல் வரை சங்கிலியின் ஒவ்வொரு கட்டமும் சான்று பெற்றிருக்க வேண்டும். துணி தந்த ஆலையிடம் சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக, சான்று பெறாத இடத்தில் தைத்த உடையில் அந்த முத்திரையைப் போட முடியாது. உங்களிடம் இருப்பது எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள். தாய்மார்கள் இதைத் துருவிப் பார்க்கக்கூடியவர்கள். ஒரு முறை நம்பிக்கை இழந்தால் அவர்கள் திரும்ப வருவதில்லை.

அடுத்தது, பிறர் பார்வை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, தங்கள் அக்கறையைப் பகட்டு என்கிறோம் என்று எண்ணுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நல்ல மனிதர் என்று நாலு பேர் மதிக்க வேண்டும் என்ற ஆசை இல்லாமல் மனிதச் சமூகத்தில் எந்த நல்ல பழக்கமும் பரவியதில்லை. 2010-ல் விளாதாஸ் கிரிஸ்கெவிசியஸும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனைகளில், சமூக மதிப்பைப் பற்றிய எண்ணம் மனதில் தூண்டப்பட்டவர்கள், ஆடம்பரமான சாதாரணப் பொருளைவிடச் சூழலுக்கு உகந்த பொருளை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் பிறர் முன்னிலையில் வாங்குவதாக நினைத்தபோது மட்டும். தனியாக இணையத்தில் வாங்குவதாக நினைத்தபோது அந்த விளைவு காணப்படவில்லை. நீங்கள் விற்பது இணையத்தில், வாங்குபவர் தனியாக இருக்கும் இடத்தில். ஆகவே அந்த உடையை அணிந்து வெளியே போகும் நேரத்தை அவர் கண்முன் கொண்டுவர வேண்டும். “இந்த நிறம் எங்கே கிடைத்தது?” என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அவரிடம் இரண்டு வரிச் செய்தி இருக்க வேண்டும். மார்பில் பெரிய எழுத்தில் வாசகம் அச்சிடுவதைச் சொல்லவில்லை, அதைப் பலர் விரும்புவதில்லை. அவுரியில் எத்தனை முறை முக்கியெடுத்து இந்த நீலம் வந்தது என்று ஒரு சிறு குறிப்பு உடையோடு போனால் போதும்.

பிறர் பார்வைக்கு இன்னொரு முகமும் உண்டு: பிறர் செய்வதைப் பார்த்துச் செய்வது. 2008-ல் வெளியான ஒரு ஆய்வை என் துறையில் எல்லோரும் அறிவார்கள். ஓட்டல் அறைகளில் துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லும் அட்டையில், “சுற்றுச்சூழலைக் காக்க உதவுங்கள்” என்று எழுதியபோது சுமார் 35 சதவீதம் பேர் கேட்டார்கள். “இங்கே தங்கியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள்” என்று எழுதியபோது அது சுமார் 44 சதவீதமாக உயர்ந்தது. பின்னர் நடந்த சோதனையில், “இதே அறையில் தங்கியவர்கள்” என்று எழுதிய அட்டைக்கு 49 சதவீதம். அதே துண்டு, அதே வேலை, சொன்ன விதம் மட்டும் மாறியது. உங்கள் பதிவுகளில் நீங்கள் பேசுகிறீர்கள், பாராட்டுபவர்கள் பேசுகிறார்கள். வாங்கி அணிபவர்கள் பேசுவது குறைவு என்று ஊகிக்கிறேன். வாங்கியவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் அணிந்த படத்தைப் போடுங்கள். ஒல்லியானவர், பருமனானவர், இளையவர், வயதானவர் என எல்லோரும் அதில் இருக்கட்டும். பார்ப்பவர் தன்னைப் போன்ற ஒருவரைக் கண்டுகொண்டால் தயக்கம் பாதி தீரும்.

விலைக்கு வருகிறேன். விலை தடைதான். கையில் பணம் இல்லாதவரிடம் மனசாட்சியைப் பற்றிப் பேசுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் உங்களைப் பாராட்டும் எல்லோருக்கும் அதுதான் காரணம் என்று நான் நம்பவில்லை. அவர்களில் பலர் அதே விலைக்கு வேறு உடை வாங்குகிறார்கள். உங்களிடம் வாங்க அவர்களைத் தயங்கவைப்பது விலையைவிடப் பெரிய ஒன்று, ஏமாந்துவிடுவோமோ என்ற அச்சம். பெயர் தெரியாத விற்பனையாளர். தொட்டுப் பார்க்க முடியாத துணி. போட்டுப் பார்க்க முடியாத அளவு. இயற்கைச் சாயம் முதல் துவைப்பிலேயே போய்விடுமோ, மற்ற துணியில் ஒட்டிவிடுமோ என்ற கவலை. ஐசெக் அய்சென் 1991-ல் விரிவாக முன்வைத்த கோட்பாடு இத்தகைய ஆய்வுகளில் அதிகம் பயன்படுகிறது. ஒருவர் ஒன்றைச் செய்ய, அது நல்லது என்ற எண்ணமும் மற்றவர்கள் ஏற்பார்கள் என்ற எண்ணமும் மட்டும் போதாது, இது தன்னால் சிக்கலின்றிச் செய்யக்கூடியது என்ற நம்பிக்கையும் வேண்டும் என்கிறது அது. உங்கள் வாடிக்கையாளர்களிடம் முதல் இரண்டும் இருக்கின்றன. மூன்றாவது இல்லை.

அதை உண்டாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. கேட்பவருக்கு ஒரு சிறு துண்டுத் துணி அனுப்புங்கள், விரலால் தேய்த்துப் பார்க்கட்டும், ஒரு மூலையைத் துவைத்தும் பார்க்கட்டும். அளவுக்குச் ‘சிறியது, பெரியது’ என்று போடாமல், சட்டையைத் தரையில் விரித்து அளந்த மார்பு, தோள், நீளம் மூன்றையும் எழுதுங்கள். துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதை ஒளிவுமறைவின்றி முதலிலேயே சொல்லுங்கள். சாயத்தைப் பற்றி மறைக்க எதுவும் இல்லை. அவுரி நீலம் முதல் சில துவைப்புகளில் கொஞ்சம் உதிரும், தனியாகத் துவைக்க வேண்டும். மஞ்சளில் தோய்த்த நிறம் வெயிலில் வெளுக்கும், காரமான சோப்புப் பட்டால் சிவக்கும். மஞ்சிட்டிச் சிவப்பு நன்றாகவே தாங்கும். மென்மையான சோப்பு போதும், நிழலில் உலர்த்த வேண்டும். இதையெல்லாம் வாங்கும் முன்பே தெரிந்துகொண்டவர், நிறம் மாறும்போது ஏமாந்ததாக நினைக்கமாட்டார்.

லேபிளால் விற்பனை கூடுமா என்று கேட்டால், கூடும், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு அல்ல, எல்லோரிடமும் அல்ல. அமெரிக்காவில் ஜென்ஸ் ஹைன்முல்லரும் மைக்கேல் ஹிஸ்காக்ஸும் ஒரு பெரிய ஆடை நிறுவனத்தின் பல கடைகளில் உண்மையான விற்பனையை வைத்தே சோதனை செய்தார்கள். ஜீன்ஸ் துவைக்கும் ஆலைகளின் கழிவுநீரால் வரும் மாசைக் குறைக்கும் திட்டத்தைப் பற்றி லேபிளில் குறிப்பிட்டபோது, பெண்களிடையே விற்பனை சுமார் 8 சதவீதம் கூடியது. ஆண்களிடம் மாற்றம் தெரியவில்லை. இதை வைத்து ஆண்கள் இப்படித்தான் என்று முடிவு கட்ட நான் தயாரில்லை. எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு: அந்தக் கடையின் ஜீன்ஸ் அதற்கு முன்பே மக்களுக்குப் பிடித்த ஜீன்ஸ். லேபிள் அதன் மேல் வந்து சேர்ந்தது.

சொல்லும் வரிசையும் முக்கியம். 2014-ல் ஜார்ஜ் நியூமனும் சக ஆய்வாளர்களும் ஒரு விசித்திரமான விளைவைக் காட்டினார்கள். பொருளைச் சூழலுக்கு உகந்ததாக்குவதையே நோக்கமாகக் கொண்டு மாற்றியதாக நிறுவனம் சொன்னால், “அப்படியானால் தரத்தில் எதையோ குறைத்திருப்பார்கள்” என்று மக்கள் எண்ணுகிறார்கள். வேறொரு மேம்பாட்டின் கூடவே வந்த நன்மை என்றால் அதே பொருளை அதிகம் விரும்புகிறார்கள். உங்கள் விற்பனைப் பக்கம் ஒன்றை அனுப்பியிருந்தீர்கள். அதில் முதல் மூன்று பத்தியும் பூமியைப் பற்றியவை, சட்டை நான்காவது பத்தியில்தான் வருகிறது. அதை இப்படித் திருப்பிப் பாருங்கள்:

“தோளில் இறுக்காத வெட்டு. உடலோடு ஒட்டாத, காற்றோடும் நெசவு. துவைக்கத் துவைக்க மிருதுவாகும் பருத்தி. தையல் ஓரங்கள் மடித்து இரண்டு முறை தைத்தவை, பிரியாது. பொத்தான் விழுந்தால் போட ஒன்று உள்ளே தைத்து வைத்திருக்கிறோம். பருத்தி, செயற்கைப் பூச்சிக்கொல்லி இல்லாமல் விளைந்தது. நீலம் அவுரியிலிருந்து வந்தது.”

இதில் சொன்ன ஒவ்வொன்றும் உங்கள் சட்டையில் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். இரட்டைத் தையல் இல்லை என்றால், முதலில் அதைப் போட்டுவிட்டு எழுதுங்கள்.

பாழான ஆற்றின் படங்களைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் விற்பனைப் பக்கத்தில் வேண்டாம். குற்றவுணர்ச்சி ஒருவரைத் தலைகுனிய வைக்கும், தலைகுனிந்தவர் அங்கே நிற்கமாட்டார், நகர்ந்துவிடுவார். அதைவிடப் பெரிய சிக்கல், பெரிய அழிவைப் பார்த்ததும் “நான் ஒருத்தி சட்டையை மாற்றினால் இது சரியாகிவிடுமா?” என்ற எண்ணம் வருவது. தன் செயலால் பலன் உண்டு என்று நம்புபவர்களே சூழலுக்கு உகந்த பொருளை வாங்குகிறார்கள் என்பது 1970-கள் முதலே ஆய்வுகளில் தெரிந்துவரும் விஷயம். அந்த நம்பிக்கையைக் குலைக்கும் படத்தை நீங்களே காட்ட வேண்டாம். அவர் கையில் எடுக்கும் அந்த ஒரு உடையின் அளவுக்குப் பேச்சைச் சுருக்குங்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்க ஆடை நிறுவனமான படகோனியா 2011 நவம்பர் 25 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கொடுத்த விளம்பரம். தள்ளுபடிக்காக ஊரே கடைக்கு ஓடும் நாளில், தன் ஜாக்கெட் ஒன்றின் படத்தைப் போட்டு “இதை வாங்காதீர்கள்” என்று எழுதியது. அந்த ஒரு ஜாக்கெட்டைத் தயாரிக்க 135 லிட்டர் தண்ணீர் செலவானதை ஒளிக்காமல் சொன்னது. தேவையிருந்தால் மட்டும் வாங்குங்கள், கிழிந்தால் தைத்துக்கொள்ளுங்கள், நாங்களும் தைத்துத் தருகிறோம் என்றது. அடுத்த ஆண்டில் அதன் விற்பனை கூடியது. அந்த நிறுவனத்தின் நோக்கத்தைப் பற்றி அன்றிலிருந்து விவாதம் நடக்கிறது. மக்கள் நம்பியதற்கான காரணம் மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: தனக்குப் பாதகமான தகவலை விற்பவரே எண்ணோடு சொன்னார்.

இலைப் படம் ஒட்டுபவர்களைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். அவர்கள் பாதை குறுகிக்கொண்டிருக்கிறது. 2020-ல் ஐரோப்பிய ஆணையத்துக்காக நடந்த ஆய்வு, பொருட்கள் மேல் எழுதப்பட்ட சூழல் வாசகங்களில் 53 சதவீதம் தெளிவற்றவை, தவறாக வழிநடத்துபவை அல்லது ஆதாரமில்லாதவை என்று கண்டது. 2022-ல் நார்வே நுகர்வோர் ஆணையம், துணிகளின் சூழல் பாதிப்பை அளக்க ஆடைத்துறையே பொதுவாகப் பயன்படுத்திவந்த ஹிக் குறியீட்டின் எண்களை வைத்து ஒரு உடையைச் சூழலுக்கு உகந்தது என்று விளம்பரம் செய்வது தவறாக வழிநடத்துவது என்று சொன்னது. பிரிட்டனில் ஏசாஸ், பூஹூ, ஆஸ்டாவின் ஜார்ஜ் ஆகிய மூன்று ஆடை விற்பனையாளர்களும் விசாரணைக்குப் பிறகு, தங்கள் சூழல் வாசகங்களைத் தெளிவாகவும் துல்லியமாகவும் வைத்துக்கொள்வதாக 2024-ல் எழுதிக் கொடுத்தன. நிரூபணம் இல்லாத பொத்தாம்பொதுவான சூழல் வாசகங்களைத் தடைசெய்யும் ஐரோப்பிய ஒன்றிய விதிகள் அமலுக்கு வரும் நாளாக 2026 செப்டம்பர் 27 குறிக்கப்பட்டிருக்கிறது.

இதில் உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. ‘இயற்கையானது’, ‘பூமிக்கு இனியது’ என்று நீங்கள் எழுதும் சொற்களும் அவர்கள் எழுதும் சொற்களும் வாங்குபவர் கண்ணுக்கு ஒன்றுதான். அவுரி போன்ற சில நீங்கலாக, பெரும்பாலான இயற்கைச் சாயங்கள் துணியில் நன்றாகப் பிடிக்க நிறம்பற்றி என்னும் உப்பு தேவைப்படுகிறது. படிகாரம் போட்டால் ஒரு கதை, குரோமியம் கலந்ததைப் போட்டால் வேறு கதை. ‘இயற்கை’ என்ற ஒற்றைச் சொல் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. நீங்கள் எதைப் போட்டீர்கள் என்று எழுதுங்கள். போலிகளால் அதை எழுத முடியாது.

கடைசியாக, பாராட்டிவிட்டு வாங்காமல் போகிறவர்களில் ஒரு சிலரைப் பற்றி. சூழல் மேல் உண்மையிலேயே ஆழ்ந்த அக்கறை உள்ளவர்கள் உடையே குறைவாக வாங்குவார்கள். இருப்பதைத் தைத்துப் போடுவார்கள், அக்காவின் சட்டையைத் தங்கை போடுவாள். அவர்கள் செய்வது சரி. கழிவைக் குறைக்கப் பாடுபடும் பிரிட்டனின் ராப் (WRAP) அமைப்பு கணக்கிட்டபடி, ஒரு உடையைக் கூடுதலாக ஒன்பது மாதங்கள் பயன்படுத்தினாலே அதன் கார்பன், நீர், கழிவுச் சுவடுகள் சுமார் 20 முதல் 30 சதவீதம் குறைகின்றன. மறுபக்கம், 2017-ல் எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கையின்படி, ஓர் உடையைத் தூக்கியெறியும் முன் அணியும் தடவைகள் 15 ஆண்டுகளில் 36 சதவீதம் குறைந்துவிட்டன. ஆர்கானிக் சட்டையை நான்கு முறை போட்டுவிட்டு ஒதுக்கினால், அந்தப் பருத்தியை விளைவித்த தண்ணீரும் உழைப்பும் வீண்தான்.

அந்தச் சிலரை வாங்கவைக்க முயலாதீர்கள், வேறு விதமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் உடை கிழிந்தால் தைத்துத் தாருங்கள், வெளுத்தால் மறுசாயம் ஏற்றித் தாருங்கள். குழந்தை வளர்ந்துவிட்டதால் சிறியதாகிப்போன உடையைத் திரும்ப வாங்கி, துவைத்து, குறைந்த விலையில் மறுபடி விற்கலாம். விலை எட்டாதவர்களுக்கு அது ஒரு வாசல். உங்கள் துணி தாங்கும் என்பதற்கும் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை: இரண்டாவது குழந்தை போட்டுக்கொண்டிருக்கும் சட்டையை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

எங்கிருந்து தொடங்குவது? என்னைக் கேட்டால் குழந்தை உடையில் தொடங்குங்கள். ஏற்கனவே ஈர்ப்பு இருக்கும் இடம் அது. அலுவலகச் சட்டைகளைத் தையல் வலுவான பிறகு கொண்டுவரலாம். விலையைக் குறைக்க வேண்டாம். குறைத்தால் தைப்பவர் கூலியில்தான் கை வைப்பீர்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் இறந்தபோது உலகமே “என் உடையைத் தைத்தது யார்?” என்று கேட்கத் தொடங்கியது. உங்களால் அந்தக் கேள்விக்குப் பெயரோடு பதில் சொல்ல முடியும். தைப்பவர்கள் சம்மதித்தால் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம். உங்களிடம் இரண்டாம் முறை வாங்கியவர்கள் சிலராவது இருப்பார்கள். அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, முதல் உடையை இப்போது எப்போதெல்லாம் போடுகிறார்கள், எது பிடித்து மறுபடி வந்தார்கள் என்று கேளுங்கள். சூழலைப் பற்றி நீங்களாக எதுவும் எடுத்துக்கொடுக்காதீர்கள், பேசவிட்டுக் கேளுங்கள். அவர்கள் வாயில் முதலில் வரும் வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டு, அவற்றையே உங்கள் விற்பனைப் பக்கத்தின் முதல் வரிகளாக வையுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.